தோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை

"அண்ணா, பேர்லா டாமாவா? நாப்பத்தஞ்சு வரைக்கும் போலாம்னு அப்பா சொல்லிட்டாரு."

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரம் தொடங்கி ஆடி மாதம் முடியும்வரை இந்தக் கேள்வி எனக்கு வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கும். அம்பத்தூரிலிருந்து, திருமுல்லைவாயலிலிருந்து, ஆவடி, பட்டாபிராம், அந்தப் பக்கம் பூந்தமல்லி, மாங்காட்டிலிருந்து. பகலில் மென்பொருள் எழுதி, வார இறுதியில் டிரம்ஸ் வாசிக்கிற ஆள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு லிங்க் அனுப்புவார்கள். ஒன்றுக்கு டிக் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அடிப்பதில்லை. பதில் தெரியாததால் அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கேட்பவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பதால்.

எந்த பிராண்ட் டிரம் செட் நல்லது என்கிற கேள்வி, டிரம்ஸில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைப்பதற்காகவே உருவாக்கப்பட்ட கேள்வி. விற்பவனுக்கு வசதியான கேள்வி. அதைக் கேட்கக் கேட்க நாம் மரத்தையும் பெயின்ட்டையும் பேஸ் டிரம்மில் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பார்க்கிறோம். தோலைப் பார்ப்பதில்லை. தோலைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஒரு ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஐம்பதாயிரத்தைச் சுற்றி என்னிடம் கேட்கப்படுகிற பெயர்கள் அநேகமாக மூன்று. பேர்ல் ரோட்ஷோ, டாமா ஸ்டேஜ்ஸ்டார், யமஹா ரைடீன். மூன்றின் ஷெல்லும் பாப்லர் மரம். மெல்லிய மரத்தாள்களைப் பசை வைத்து அடுக்கி, உருளையாக வளைத்தது. நம்மூர் பாஷையில் பிளைவுட். மூன்றும் கெட்ட சாமான் இல்லை, ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் ஒரே மாதிரி ஸ்கின் மாட்டி, ஒரே சுருதியில் ஏற்றி, கண்ணைக் கட்டிவிட்டு 'எது டாமா சொல்லு' என்றால் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பல வருடம் வாசித்தவர்கள் உட்பட.

இதில் என்னைப் போன்ற இன்ஜினியரிங் படித்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள். நமக்கு எக்ஸெல் ஷீட் இல்லாமல் எதையும் வாங்கத் தெரியாது. எத்தனை பிளை, எத்தனை மில்லிமீட்டர், மேப்பிளா பிர்ச்சா என்று பத்தி பத்தியாகப் பிரித்து மொபைல் போன் ஒப்பிடுகிற மாதிரி ஒப்பிடுவோம். அந்த ஷீட்டில் எங்கேயும் 'இதை டியூன் பண்ணத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்' என்று ஒரு பத்தி இருக்காது. இருந்திருந்தால் மற்ற பத்திகள் எல்லாம் உதிர்ந்திருக்கும்.

அடுத்தது யூடியூப். ஒரு பிராண்டின் டெமோ வீடியோவில் நீங்கள் கேட்பது அந்த டிரம்மை இல்லை. புத்தம்புதிய உயர்ரக ஸ்கின், அதை ஏற்றிவைத்த ஒரு டெக்னீஷியன், ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், எதிரொலி கட்டுப்படுத்தப்பட்ட அறை, அதற்குப் பிறகு மிக்ஸிங். அதைக் கேட்டுவிட்டு ஆவடியில் மொசைக் தரையும் தகரக் கூரையும் உள்ள மாடி அறையில் பெட்டியைப் பிரித்து அடித்தால் தகர டப்பா சத்தம் வரும். பையன் முகம் வாடும். அப்பா, 'இதுக்கா அவ்ளோ காசு' என்பார். பையன் 'அடுத்த மாடல் வாங்கியிருக்கணும்' என்று நினைப்பான். இருவருமே பிராண்டைத்தான் குறை சொல்வார்கள். ஷெல்லோடு வந்த அந்த மெலிந்த ஸ்கின்னை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் இயற்பியல். வட்டமான ஒரு சவ்வை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் அடிப்படை அதிர்வுக்கு மேலே வரும் அதிர்வுகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். தந்தியிலோ புல்லாங்குழலிலோ 2, 3, 4 என்று வருவதுபோல வராது. அதனால்தான் டிரம்முக்கு ஸ்வரம் தெளிவாகக் கேட்பதில்லை. இதை மிருதங்கமும் தபலாவும் எப்படியோ ஏமாற்றியிருக்கின்றன என்று கவனித்தவர் நம் திருச்சிராப்பள்ளிக்காரர் சி.வி. ராமன். 1920-இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பாகவும், 1934-இல் விரிவான கட்டுரையாகவும் எழுதினார். வலந்தலையின் நடுவே அப்பப்படும் அந்தக் கறுப்புச் சாந்து தோலின் எடையை மாற்றி, தாறுமாறான அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்கிற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நோபல் வாங்கிய ஒரு மனிதர் உட்கார்ந்து விளக்கவேண்டியிருந்த விஷயத்தை, பெயர் தெரியாத யாரோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் பலாமரத்தைப் பற்றியும் கவலைப்பட்டிருப்பார்தான். ஆனால் கடைசியில் விரல் நின்ற இடம் தோல்.

பறையைப் பாருங்கள். அங்கே ஷெல் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? ஒரு மரச் சட்டம், நாலு விரல் அகலம். மீதி எல்லாம் தோல். அம்பத்தூரில் இன்றைக்கும் ஒரு சாவு வீட்டுக்கு வெளியே, வாசிக்க வந்த அண்ணன்கள் முதலில் செய்யும் வேலை வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்துவது. தீயில் காட்டி, தட்டி, திருப்பி, மறுபடி காட்டி, மறுபடி தட்டி. காது பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஈரப்பதத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகி, 'டங்' என்று திறக்கும் கணம் ஒன்று இருக்கிறது. அது வரும்வரை வாசிக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் நடுவில் இரண்டு முறை நிறுத்திவிட்டு மறுபடியும் காய்ச்சுவார்கள். அந்தப் பறை எந்த பிராண்ட் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. வாசிப்பவரின் காதும் அந்தத் தீயும்தான் அதன் பிராண்ட்.

மேற்கிலும் ஒரு காலம்வரை இப்படித்தான். கன்றுத்தோல் மாட்டிய டிரம்மை வைத்துக்கொண்டு மழைநாளில் அவர்களும் பல்புச் சூட்டில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1950-களின் பின்பாதியில் பாலியஸ்டர் சவ்வு வந்தது. மைலார் என்று டூபான்ட் கம்பெனி செய்த பிளாஸ்டிக். 1957-இல் ரெமோ பெல்லி என்கிற டிரம்மர் அதை டிரம் ஸ்கின்னாக்கி விற்க ஆரம்பித்தார். அவர் பெயரில்தான் இன்றைய ரெமோ. அதே சமயத்தில் எவான்ஸும். மழை, வெயில், ஈரம் எதுவும் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பெரிய விடுதலைதான், நானும் அனுபவிக்கிறேன். ஆனால் விடுதலையோடு ஒரு மறதியும் வந்தது. தீ மூட்ட வேண்டியதில்லை என்று ஆனவுடன், தோலைக் கவனிக்கவே வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டோம். பிளாஸ்டிக் தொய்யாது என்று யாரும் சொல்லவில்லை. மெதுவாகத் தொய்யும், அவ்வளவுதான். அடிபட்ட இடத்தில் குழி விழும், மேல்பூச்சு உரியும், சத்தம் செத்துப்போகும். தீ கேட்காது, புகை வராது, அதனால் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. பேஸ் டிரம்மின் முன்பக்கம்.

1963-இல் ரிங்கோ ஸ்டார் புது டிரம் செட் வாங்க லண்டனில் டிரம் சிட்டி என்கிற கடைக்குப் போனார். அங்கே அவரை இழுத்தது கறுப்பும் வெள்ளையும் கலந்த சிப்பி நிறம் என்பதுதான் அந்தக் கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டர் சொல்லிவந்த கதை. அந்த நிறம் இருந்தது லுட்விக் டிரம்மில். ஆர்பிட்டர் அப்போதுதான் லுட்விக்கை இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்திருந்தார், அதனால் பேஸ் டிரம்மில் லுட்விக் பெயர் இருக்க வேண்டும் என்றார். பீட்டில்ஸ் பெயரும் வேண்டும் என்று மேனேஜர் எப்ஸ்டீன் சொல்ல, கடையிலேயே வரையப்பட்டதுதான் நீங்கள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிற, 'டி' கீழே நீண்ட அந்த எழுத்து. 1964 பிப்ரவரி 9 இரவு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் 7 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்த டிரம்மின் முகத்தைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் லுட்விக் தொழிற்சாலை இரவு பகலாக ஓடவேண்டியிருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் லுட்விக்கின் சத்தத்துக்காக வாங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? டிவி ஸ்பீக்கரில், கத்துகிற பெண்களின் கூச்சலுக்கு நடுவே, அந்த டிரம் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

ரிங்கோ அபாரமான டிரம்மர். நிறம் பார்த்து வாங்கினாலும் அவர் வாசித்தால் அது ரிங்கோ. விஷயமே அதுதான்.

நாம் பக்தியோடு உச்சரிக்கிற பெயர்களின் கதையும் இப்படித்தான். பேர்ல், 1946-இல் டோக்கியோவில் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் செய்ய ஆரம்பித்த கம்பெனி; டிரம் பிறகுதான் வந்தது. டாமா, நகோயாவில் 1908-இல் ஒரு புத்தகக் கடையின் இசைப்பிரிவாகத் தொடங்கிய ஹோஷினோ குடும்பத்தின் நிறுவனம் 1974-இல் வைத்த பெயர். அந்தக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் பெயர். ஐபனீஸ் கிட்டாரும் அவர்களுடையதுதான். இதில் இழிவாக எதுவும் இல்லை, நல்ல வியாபாரிகள், நல்ல தொழிலாளிகள். ஆனால் ஆயிரம் வருட ரகசியம் எதுவும் ஷெல்லுக்குள் புதைந்திருக்கவில்லை.

சரி, ஜப்பானியக் குடும்பத்துப் பெண்மணியின் பெயர் நமக்குத் தெரியும். ஒரு மிருதங்கம் செய்தவரின் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்.

டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்கிற புத்தகத்தை எழுதும்வரை இந்தக் கேள்வி கர்நாடக சங்கீத உலகத்தில் உரக்கக் கேட்கப்படவில்லை. தஞ்சாவூரில் செபாஸ்டியனின் வம்சம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் இருந்த பர்லாந்து. பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பசு, ஆடு, எருமை என்று தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, மேடையில் இருப்பவர் கேட்கிற நாதம் வரும்வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தவர்கள். மணி ஐயரின் தொனி என்று ஒரு தலைமுறை கொண்டாடியதில் பர்லாந்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மிருதங்கத்தில் அவர் லோகோவும் ஒட்டப்படவில்லை. அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோலைத் தொட்டவரின் பெயரைப் புத்தகத்தில் போட்டதற்கே இந்தப் பாடு.

ஆக, நமக்கு பிராண்டில் மோகம் இருக்கிறது, செய்தவரின் பெயரில் இல்லை. இரண்டும் ஒன்றல்ல. பிராண்ட் என்பது செய்தவரின் கை அழிக்கப்பட்ட பிறகு மிஞ்சுகிற எழுத்து. தோலோடு சம்பந்தப்பட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய ஒரு சமூகத்துக்கு, பிளாஸ்டிக் தோலும் பளபளக்கும் பெயின்ட்டும் ஜப்பானியப் பெயரும் உள்ள ஒரு டிரம் எவ்வளவு சௌகரியம்! 'என் பையன் டிரம்ஸ் கத்துக்கிறான்' என்று அப்பார்ட்மென்ட் வாசலில் பெருமையாகச் சொல்லலாம். 'என் பையன் பறை கத்துக்கிறான்' என்று அதே வாசலில் அதே குரலில் சொல்ல இன்றைக்கும் எத்தனை அப்பாக்களால் முடியும்? பையனை வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர்கள் 'மேளம் மாதிரி இல்லல்ல சார், வெஸ்டர்ன்தானே?' என்று மாஸ்டரிடம் உறுதிசெய்துகொள்வதை நானே கேட்டிருக்கிறேன். பிராண்ட் கேள்வியின் அடியில் இந்தக் கேள்வியும் இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்களோடு வாதாட நான் தயார்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரியை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். மேடையில் டிரம் செட்டும் இருந்தது. சட்டியும் பறையும் கட்டமோளமும் இருந்தன. டிரம் செட் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. மற்றவற்றோடு இன்னொரு தோல்வாத்தியமாக இருந்தது. எனக்கு அன்றைக்குக் கேட்டது அந்தச் சமம்தான். எந்தக் கம்பெனி டிரம் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது எதிர்வாதம். 'அப்போ பிராண்டே வேண்டாமா? ஏதோ ஒரு டப்பா வாங்கிடலாமா?' இல்லை. பிராண்ட் கணக்கில் வருகிற இடங்கள் உண்டு, ஆனால் அவை ஷெல் இல்லை. பெடல், ஹை-ஹாட் ஸ்டாண்ட், ஸ்டூல். நகர்கிற பாகங்கள். மலிவான பெடலின் செயின் தள்ளாடினால் காலில் தவறான பழக்கம் ஏறும், அது இறங்க வருடங்கள் ஆகும். ஸ்டூல் ஆடினால் முதுகு போகும். இங்கே காசு போடுங்கள், நல்ல பெயரைத் தேடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இன்னொன்று சிம்பல். இது உலோகம், டியூன் பண்ண முடியாது, வாங்கியதுதான் சத்தம். வெண்கலம் வேறு, பித்தளை வேறு என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். வெண்கலப் பானையைத் தட்டினால் வருகிற நாதம் பித்தளை அண்டாவில் வராது. செம்பு 80, வெள்ளீயம் 20 என்ற கலவையில் செய்தது நல்ல சிம்பல்; டிரம்மர்கள் பி20 என்பார்கள். 92-க்கு 8 என்றால் பி8, அதற்கும் கீழே. ஆரம்பநிலை டிரம் செட்டோடு 'ஃப்ரீ' என்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் பித்தளைத் தகடு. வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிகூட இருக்காது, பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருக்கும். ஜில்ஜியன் 1623-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஆர்மேனியர் ஒருவர் கண்டுபிடித்த கலவையில் தொடங்கிய கம்பெனி. குடும்பச் சண்டையில் பிரிந்த ராபர்ட் ஜில்ஜியன் 1981-இல் கனடாவில் தொடங்கியது சபியன். இந்த ஒரு இடத்தில் பெயருக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. கடையில் போய், கண்ணை மூடி, தட்டிக் கேட்டு வாங்குங்கள்.

ஆக, 50 ஆயிரம் இருந்தால் நான் என்ன செய்வேன்? பாதியை மட்டும் செலவழித்து பழைய செட் ஒன்றை வாங்குவேன். படிப்பு முடிந்து பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போகிற பையன்களின் வீட்டில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கும் டிரம் செட்கள் இந்தப் பக்கம் ஏராளம். எந்த பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை; ஷெல் வட்டமாக இருக்கிறதா, தோல் உட்காரும் விளிம்பில் பள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஷெல்லைக் கழற்றி சமமான கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. மீதிக் காசில் எல்லா டிரம்முக்கும் புது ஸ்கின். ஒரு ஜோடி நல்ல ஹை-ஹாட். ஒரு பெடல். ஒரு டிரம் கீ, அதாவது சாவி. இருநூறு ரூபாய்கூட ஆகாத அந்தச் சாவிதான் மொத்த செட்டிலும் மதிப்புள்ள பொருள். பல வீடுகளில் அது பெட்டியிலிருந்தே வெளியே வந்திருக்காது.

சாவியை எப்படிப் பயன்படுத்துவது? பழைய தோலைக் கழற்றுங்கள். விளிம்பைத் துணியால் துடையுங்கள். புதுத் தோலை வைத்து, ரிம்மை மாட்டி, எல்லா ராடையும் விரலாலேயே இறுகும்வரை திருகுங்கள். பிறகுதான் சாவி. ஒன்றை அரைச்சுற்று திருகினால் அடுத்தது பக்கத்தில் இருப்பது அல்ல, நேர் எதிரே இருப்பது. சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கமாகவே முறுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கார் சக்கரத்துக்கு நட்டு போடுகிற மெக்கானிக்குக்கும் தெரியும். சுருக்கங்கள் போனதும் ஒவ்வொரு ராடுக்குப் பக்கத்திலும், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, குச்சியால் மெல்லத் தட்டுங்கள். ஒரு இடம் உயர்ந்து கேட்கும், ஒரு இடம் தாழ்ந்து. எல்லாம் ஒன்றாகும்வரை கால் சுற்று, அரைக்கால் சுற்று. அடித்தோலுக்கும் இதே. அடித்தோலை மேல்தோலைவிடக் கொஞ்சம் ஏற்றினால் சத்தம் சுருக்கமாக நிற்கும்; இரண்டும் ஒன்றாக இருந்தால் நீளமாகப் பாடும். இதில் சரி தவறு இல்லை, உங்கள் காது, உங்கள் அறை. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது தடவை பத்து நிமிடம். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுகிற அண்ணன் செய்வதும் இதையேதான், அவரிடம் சாவி இல்லை.

திருமுல்லைவாயல் பக்கம் ஒரு சபையில் நடந்தது. பெயர் வேண்டாம். டிரம்ஸ் சத்தம் சரியில்லை என்று புது செட்டுக்குக் காணிக்கை எடுக்கப்போவதாகப் பேச்சு. ஒன்றே கால் லட்சம், பெரிய பிராண்ட், கமிட்டி ஒத்துக்கொண்டாயிற்று. போய்ப் பார்த்தால் டாமின் மேல்தோலில் இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறார்கள். ஸ்னேரின் தோல் நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. 'மாத்தணுமா பிரதர்? அது டிரம்மோடவே வர்றதில்லையா?' என்றார் ஒரு பெரியவர், உண்மையான ஆச்சரியத்தோடு. அந்தச் சபையில் வாசித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனும் நானும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து எல்லாத் தோலையும் மாற்றினோம். மொத்தம் பத்தாயிரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து 'புது செட் எப்போ வந்துச்சு?' என்று கேட்டார்கள். நல்ல முடிவு என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒன்றே கால் லட்ச செட்டும் வந்துவிட்டது. பழையதைவிடப் பார்க்க அழகாக இருக்கிறது. அந்தப் பையனை ஒரு வகுப்புக்கு அனுப்ப அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும் என்று நான் சொன்னதைக் கமிட்டி குறித்துக்கொண்டது.

அப்பார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு வரி. மூடிய சிறு அறையில் டிரம் செட் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85-க்கு எட்டு மணி நேரம் தாங்குகிற காது 100-க்குப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. பையனுக்குப் பிராண்ட் பார்ப்பதற்கு முன்னால் காதடைப்பான் பாருங்கள். எலக்ட்ரானிக் செட் என்றால் அங்கேயும் அதே விதி: ரப்பர் பேடா, வலைத்தோலா என்று கேளுங்கள். 1997-இல் ரோலண்ட் கம்பெனி ரெமோவோடு சேர்ந்து வலைத்தோலைக் கொண்டுவந்தது ஏன்? மின்சார டிரம்மிலும் கை கேட்பது தோலைத்தான்.

சிவமணியைச் சொல்லாமல் சென்னையில் டிரம்ஸ் பற்றி எழுத முடியாது. தண்ணீர் கேன், சூட்கேஸ், வாளி, எது கிடைத்தாலும் அவர் வாசிப்பார். சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக அவர் அடித்ததைக் கேட்காதவர்கள் குறைவு. அவர் சர்வதேசக் கம்பெனிகளின் டிரம்மும் வாசிக்கிறார், நாம் அந்தக் கம்பெனி பெயரைக் குறித்துக்கொள்கிறோம். அந்தத் தண்ணீர் கேன் எந்தக் கம்பெனி என்று குறித்துக்கொள்வதில்லை.

கடைசியாக எக்ஸெல் ஷீட் நண்பர்களுக்கு ஒரு தகவல், உங்களுக்குப் பிடிக்கும். டிரம் ஒரு ஓபன் ஸ்டாண்டர்ட். 10, 12, 14, 16, 22 அங்குலத் தோல் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எந்தக் கம்பெனி ஷெல்லிலும் உட்காரும். தோலை இழுத்துப் பிடிக்கிற டென்ஷன் ராடின் மரைகூட, சோனார் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, எல்லா பிராண்டிலும் ஒன்றுதான்: 12-24. நம்மூர் ஈரத்தில் முதலில் துருப்பிடித்து மொண்டியாவது அந்த ராடுதான். ஒன்று உடைந்தால் 'இந்த மாடலுக்கு ஸ்பேர் வராது சார், புதுசா எடுத்துக்கங்க' என்பார்கள். நான் ஒரு உடைந்த ராடையும் அது போகிற நட்டையும் எடுத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போனேன். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைகிற இடம். பட்டறைக்காரர் நட்டை விரலில் உருட்டிப் பார்த்தார். மரை அளக்கிற தகட்டை வைத்துப் பார்த்தார்.

"இது எதுல வர்றது தம்பி?"

"டிரம்ஸ்ல அண்ணா."

"பிரேக் டிரம்மா?"

"இல்லண்ணா, வாசிக்கிற டிரம். தோல இழுத்துப் புடிக்கிறது."

"அப்படிச் சொல்லு. எத்தினி வேணும்?"